ஒன்ராறியோ ஏரியில் முக்குளி வாத்துகளை மறைப்பிலிருந்து கிட்டவாகப் படம் எடுப்பது எப்படி?

கேள்வி: வடகரை

வணக்கம். ரொறன்ரோ ஏரிக்கரையில் நவம்பரில இருந்து மார்ச் கடைசி வரை பஃபிள்ஹெட், கோல்டன்ஐ, ஸ்காப், நீளவால் வாத்து எண்டு மூழ்கி இரை தேடுற முக்குளி வாத்துகள் எல்லாம் கூட்டங்கூட்டமா நிற்குது. என்னட்ட ஃபுல் ஃபிரேம் கமரா, 150-600 மி.மீ. லென்ஸ், வேட்டைக்காரர் பாவிக்கிற மடக்குக் கூடாரம் (உயரம் 165 செ.மீ.) இருக்கு. ஹம்பர் பே பக்கம் பாறைக் கரைக்கு மேல கூடாரத்தைப் போட்டு இருந்தும் வாத்துகள் 40 மீற்றருக்கு இங்கால வரேல்லை.

வந்த படங்களிலயும் மூன்று குறை. மேல இருந்து குனிஞ்சு பார்த்த மாதிரி இருக்கு. ஆண் வாத்தின்ர தலை வெறும் கறுப்புக் கட்டி, கண்ணே தெரியேல்லை. 600இல எடுத்த எதுவும் கூர்மையில்லை, ட்ரைபொட் போட்டும் மசமசவெண்டுதான் வருது.

கூடாரத்தை எங்க, எப்பிடிப் போட வேணும்? மிதவை மறைப்பு ஒண்டு செய்து தண்ணிக்குள்ள இறங்கினால் கிட்டப் போகலாமோ? விவரமாச் சொல்லுங்கோ.

பதில்: பாறையடி

முதலில் இடம். கூடாரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வாத்து சாப்பிடாத இடத்தில் போட்டால் நாள் முழுக்க வெறுந்தண்ணீரைத்தான் பார்க்க வேணும். வாத்தை நோக்கி நீங்கள் போவதில்லை. அது மேய வரும் இடத்தில் அதற்கு முன்னமே போய் இருக்கிறீர்கள். இந்த வேலை முழுக்க அதில்தான் நிற்குது.

இந்த வாத்துகள் இங்கே பெரும்பாலும் சிப்பி தின்னத்தான் கரைக்கு வருகின்றன. 1980களின் கடைசியில் பேரேரிகளுக்குள் வந்து பரவிய ஸீப்ரா மசலும் அதன் பின் வந்த குவாகா மசலும் கல்லில் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கின்றன. ஆகவே மணல் கரையை விட்டுவிட்டு, அலை தடுக்கக் கொட்டிய பாறை, உடைந்த கொங்கிறீற் துண்டுகள், படகுத்துறை வாய் இவற்றைப் பாருங்கள். லெஸ்லி வீதி முனையில் உள்ள டொமி தொம்ப்சன் பூங்கா கட்டட இடிபாடுகளைக் கொட்டி ஏரிக்குள் 5 கி.மீ. நீட்டிய நிலம். அதன் கரை நெடுக இப்படியான அடித்தளம்தான். பஃபிள்ஹெட்டுக்கு 3 மீற்றருக்குக் குறைந்த ஆழம் போதும். நீளவால் ஆழத்துக்குப் போகிற வாத்து, அதனால் கரையிலிருந்து சட்டென்று ஆழம் விழுகிற இடங்களில்தான் அது கிட்ட வரும்.

கூடாரம் இல்லாமல் இரண்டு காலை போய், 100 மீற்றர் தள்ளி நின்று பைனாகுலரில் மட்டும் பாருங்கள். கூட்டம் பாறை வரிசையை ஒட்டி ஒரு பாதையில் மேய்ந்து போகும், முனையில் திரும்பும், சற்று நேரத்தில் அதே பாதையில் வரும். அந்தப் பாதை கரைக்கு மிகக் கிட்ட வருகிற ஒரு புள்ளி இருக்கும். அதைக் குறித்து வையுங்கள்.

இனி வெளிச்சம். உங்கள் படங்களில் தலை கறுப்பாக விழுந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ரொறன்ரோ ஏரியின் வடகரையில் இருக்கு. டிசம்பர் 21 அன்று நண்பகலிலும் சூரியன் தெற்கே 23 பாகை உயரத்தில்தான் நிற்கும். கரையில் நின்று ஏரியைப் பார்த்தால் நாள் முழுக்க வெயில் உங்கள் முகத்தில், வாத்தின் முதுகில். எனவே திறந்த ஏரியைப் பார்க்காதீர்கள். நிலம் ஏரிக்குள் நீண்டு வளைந்த இடங்களில் உட்பக்கக் குடாவைப் பாருங்கள். ஏரியும் சூரியனும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேணும். குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழும்பித் தென்மேற்கில் விழுவதால், காலையில் வடமேற்குப் பார்த்த கரை, பின்னேரம் வடகிழக்குப் பார்த்த கரை. ஹம்பர் பே பூங்காவிலும் கேர்ணல் சாமுவேல் சிமித் பூங்காவிலும் இப்படியான உட்குடாக்கள் உண்டு.

காற்றையும் பாருங்கள். ஓய்வாக மிதக்கும் வாத்து காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். முக்குளி வாத்துக்கு உடல் எடைக்கு இறக்கை சிறியது என்பதால் அது பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்து கிளம்பாது. தண்ணீரில் ஓடி ஓடித்தான் எழும்பும், அந்த ஓட்டமும் காற்றை எதிர்த்தே. வெயிலும் காற்றும் இரண்டும் உங்கள் முதுகில் வந்தால் வாத்து உங்களைப் பார்த்தபடி மேயும், உங்களை நோக்கி வந்து இறங்கும். காலையில் மெல்லிய தென்கிழக்குக் காற்று இருக்கிற வெயில் நாள்தான் நான் சொல்லக்கூடிய முதல் தெரிவு. கிழக்குக் காற்று பலமாக அடித்தால் ஏரி நெடுகக் கிளம்பி வரும் அலையில் நிற்க முடியாமல் கூட்டம் உட்குடாவுக்குள் ஒதுங்கும். அதுவும் நல்ல நாள். வடமேற்குக் காற்று நாளில் வெளிச்சம் சரியாக இருந்தாலும் வாலைத்தான் எடுப்பீர்கள்.

பதில்: தாழ்கோணம்

இடம் பற்றி பாறையடி சொன்னதோடு சேர்க்க ஒன்றுமில்லை. நான் உயரத்தையும் மறைப்பையும் பற்றிச் சொல்கிறேன்.

வடகரை, ஒரு கணக்குப் பாருங்கள். பாறை தண்ணீர் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் என்று வைப்போம், கூடாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் லென்ஸ் இன்னொரு மீட்டர். மொத்தம் இரண்டரை மீட்டர். 15 மீட்டரில் வாத்து இருந்தால் சுமார் 9½ டிகிரி கீழ்நோக்கிப் பார்க்கிறீர்கள். பின்னணியாக வருவது வாத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் தண்ணீர், அதனால் அது மங்காது. அதே 15 மீட்டரில் லென்ஸ் 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் கோணம் 1 டிகிரிதான். பின்னணி எதிர்க்கரைக்குப் போய்விடும், கண்ணுக்குக் கண் பார்க்கிற படம் கிடைக்கும். நாணலுக்கு எதிரே இருந்தால் தண்ணீர் பழுப்புத் தங்கமாக வரும். கண்ணாடி அடுக்குமாடிகள் எதிரே இருந்தால் காலையில் அவற்றின் பிரதிபலிப்பும் அழகுதான், ஆனால் வெள்ளைக் கோடுகள் தலைக்குப் பின்னால் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் அந்த 165 செ.மீ. கூடாரத்தை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். காற்றடிக்கும் திறந்த கரையில் அது படபடக்கும். அந்தப் படபடப்பு மனிதத் தலையை விடப் பெரிய மிரட்டல். படுத்தபடி மேலே போர்த்திக்கொள்ளும் உருமறைப்புத் துணி போதும்: 3 மீட்டருக்கு 1½ மீட்டர், நெய்த துணி, அதன் மேல் இலை வெட்டு வலை. முன் விளிம்பு லென்ஸ் ஹூட்டுக்கு (லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்புக்கு) மேல் வந்து தொங்கட்டும், பின் விளிம்பு பூட்ஸைத் தாண்டட்டும். ஓரங்களில் கை அகலக் கற்களை வையுங்கள், உறைந்த தரையில் முளை இறங்காது. நிறத்தை விட உருவமும் அசைவும்தான் வாத்துக்குத் தெரியும். வானத்தை வெட்டிக்கொண்டு நிற்கும் எந்த உருவமும் ஆகாது, முதுகுக்குப் பின்னால் பாறையோ புதரோ இருக்க வேண்டும். பனி பாதி கல் பாதியாகக் கிடக்கும் கரையில் முழு வெள்ளை விரிப்பு போர்த்துவது தவறு. கீழ்ப்பாதி வெள்ளை, மேல்பாதி சாம்பல்-பழுப்பு என்று உடைத்துப் போடுங்கள்.

கூடாரத்தை விட மனமில்லை என்றால், கரை தண்ணீரிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கும் இடத்தில் மட்டும் போடுங்கள். உள்ளே தரையில் உட்காருங்கள். பின்பக்க ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். பின்னால் வெளிச்சம் வந்தால் உங்கள் நிழலுருவம் அசைவது முன் ஜன்னலில் அப்படியே தெரியும். முன்னால் லென்ஸ் நுழைய மட்டும் இடம் விட்டு மீதியை வலையால் மறையுங்கள். ஆறு கயிறு, ஒவ்வொன்றிலும் சரளைக்கல் நிரப்பிய பை.

தாங்கி: ட்ரைபாட் இவ்வளவு கீழே வராது. விளிம்பு உயர்ந்த பழைய அலுமினிய வாணலி ஒன்றை எடுங்கள், 28-30 செ.மீ. அகலம். கைப்பிடியை அறுத்துவிட்டு நடுவில் துளை போட்டு, 3/8 அங்குல போல்ட்டை அடியிலிருந்து ஏற்றி, ட்ரைபாட் ஹெட்டை அதன் மேல் திருகுங்கள். போல்ட்டின் தலை வெளியே துருத்தினால் வாணலி ஆடும், பனியில் கோடு கிழித்துக்கொண்டு சிக்கும். சரிவுத் துளை போட்டுத் தலையைச் சமமாக உள்ளே இறக்குங்கள். பனியிலும் சரளையிலும் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போகலாம், லென்ஸ் 20 செ.மீ. உயரத்தில் நிற்கும். பெரும் பாறைகளுக்கு நடுவே வாணலி உட்காராது, அங்கே பீன்பேக் (லென்ஸைத் தாங்கும் பை). அதில் அரிசி போடாதீர்கள், ஈரம் பட்டால் ஊறி உறைந்து கல்லாகிவிடும். பிளாஸ்டிக் குருணை போடுங்கள்.

மசமசப்புக்கு வருவோம். இதில் உங்கள் லென்ஸின் குறை கொஞ்சம்தான். ஏரித் தண்ணீர் காற்றை விடச் சூடாக இருக்கும் நாளில், மேற்பரப்புக்குச் சற்று மேலே காற்று அலையும். கடுங்குளிர்க் காலையில் தண்ணீர் ஆவி விடுவது கண்ணுக்கே தெரியும். தாழ்ந்த கோணத்தில் அந்த அலைகிற காற்றின் ஊடாகத்தான் பார்க்கிறோம், 40 மீட்டரில் எந்த லென்ஸும் தோற்கும். இரண்டாவது காரணம் காரின் சூடு. சூடான லென்ஸை வெளியே எடுத்து உடனே எடுத்தால் ஹூட்டுக்குள்ளேயே வெப்பம் சுழலும். ஹூட்டைக் கழற்றி அரை மணி நேரம் குளிர விடுங்கள்.

தூரக் கணக்கு இது: 600 மி.மீ., ஃபுல் ஃபிரேம் என்றால் 10 மீட்டரில் சட்டத்தின் அகலம் 60 செ.மீ., 15 மீட்டரில் 90, 40 மீட்டரில் 2.4 மீட்டர். பஃபிள்ஹெட் சுமார் 35 செ.மீ. நீளம். 40 மீட்டரில் அது சட்டத்தில் ஏழில் ஒரு பங்கு, பிறகு வெட்டிப் பெரிதாக்கத்தான் வேண்டும். 10 முதல் 15 மீட்டர்தான் நமக்கு வேண்டிய தூரம். அங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள்: 10 மீட்டரில் லென்ஸ் துவாரத்தை எஃப் 8இல் வைத்தாலும் கூர்மையின் ஆழம் 13 செ.மீ.தான். ஃபோகஸ் புள்ளி முதுகில் விழுந்தால் கண் போய்விடும்.

பதில்: கடைசி ஏரி

மிதவை மறைப்பு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். குளிர்காலத்தில், இந்த ஏரியில், வேண்டாம்.

மிதவை மறைப்பு என்பது நுரைப் பலகையில் லாட வடிவச் சட்டம் வெட்டி, மேலே கூடு கட்டி, நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து தள்ளிக்கொண்டு போவது. அலையில்லாத, அடி கெட்டியான, இடுப்புக்கு மேல் ஆழமில்லாத குளத்துக்கு அது அருமையான கருவி. ஒன்ராறியோ ஏரியின் பாறைக் கரை அப்படியில்லை. இரண்டு கல்லுக்கு இடையே கால் இறங்கும், அடுத்த அடியில் ஆழம் விழும், நீர்ப்புகா நீள்காற்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தால் எழுந்து கரையேறவே முடியாமல் போகலாம். குளிர்நீர் பற்றிக் கனடாவில் சொல்லிக் கொடுக்கும் 1-10-1 விதி நினைவிருக்கட்டும்: மூச்சைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் கமராவையும் லென்ஸையும் காப்பாற்றப் பார்ப்பீர்கள், அதுதான் ஆபத்து.

கரையிலும் கவனம். ஜனவரிக்குப் பிறகு அலைத்துளி உறைந்து கரையோரம் ஒரு பனித் திட்டு நீளும். மேலே பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். கீழே அலை அரித்து வெறும் குகை. அதன் மேல் படுக்கவோ நடக்கவோ கூடாது. கல் எங்கே முடிகிறது என்று பனி விழுவதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தால்தான் அது தெரியும். சப்பாத்துக்கு ஆணிப் பட்டை போட்டே பாறையில் இறங்குங்கள். படுக்கும் பாய் மூடிய நுரையாக, 2 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மெல்லிய பாயில் படுத்தால் எத்தனை உடுப்பு போட்டாலும் அரை மணி நேரத்தில் வயிறு குளிர்ந்து கை நடுங்கும்.

மறைப்பை இரவில் அங்கேயே விட்டுவிட்டு வரும் எண்ணமும் வேண்டாம். இவை பொதுப் பூங்காக்கள். எதையும் நட்டு வைக்காமல், கிளை ஒடிக்காமல், அன்றன்றைக்குச் சுருட்டி எடுத்து வாருங்கள். ரொட்டியோ தானியமோ போட்டு அழைப்பதும் கூடாது, நகரப் பூங்காக்களில் வனவிலங்குக்கு உணவிடத் தடை உண்டு. தானியம் போட்டால் மலார்டுதான் ஓடி வரும், சிப்பி தேடும் கோல்டன்ஐ வராது.

வடகரை

எல்லாருக்கும் பெரிய நன்றி. மிதவையை விட்டிட்டன். இன்னும் இரண்டு: விடிய எத்தனை மணிக்குப் போய் இருக்க வேணும்? மற்றது, வாத்து கிட்ட வந்தாலும் நான் ஃபோகஸ் பிடிக்கிறதுக்குள்ள மூழ்கிடுது. எழும்பினால் வேற இடம்.

பதில்: தாழ்கோணம்

கோல்டன்ஐ இரவில் கரையை விட்டு விலகி, திறந்த தண்ணீரில் கூட்டமாகத் தங்கும். வெளிச்சம் வரும்போது மேய்ச்சலுக்குக் கரைக்கு வரும். அது வருவதற்கு முன் நீங்கள் படுத்து, துணி போர்த்தி, அசைவை நிறுத்தியிருக்க வேண்டும். சூரியன் எழ 45 நிமிடம் இருக்கும்போதே இடத்தில் இருங்கள். டிசம்பர் கடைசியில் சூரியன் 7.50 வாக்கில்தான் எழும், அதனால் 7 மணி போதும். வெளிச்சம் வந்த பிறகு போனால், கூட்டம் விலகிப் போய்த் திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். சில நாள் திரும்பி வருவதே இல்லை.

ஃபோகஸ் விஷயத்தில் வாத்தே முன்கூட்டிச் சொல்லிவிடும். ஓய்வில் இருக்கும் கோல்டன்ஐ ஆணின் தலை உச்சி கூம்பி, முக்கோணமாக நிற்கும். மேயத் தொடங்கியதும் அந்த உச்சி படிந்து தலை தட்டையாகும். மூழ்கப் போகும் நொடியில் உடல் இறகு முழுவதும் இறுகி ஒட்டிக்கொள்ளும், வாத்து ஒரு விரல் அளவு தண்ணீரில் தாழும். இறகுக்குள் இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றுகிறது. அந்தத் தாழ்வைக் கண்டதும் ஷட்டரை அழுத்துங்கள், வளைந்து பாயும் வில் கிடைக்கும். அது முடிந்த பிறகு அழுத்தினால் வளையங்கள் மட்டும்தான் மிஞ்சும்.

பிறகு எண்ணுங்கள். முதல் மூன்று முழுக்கில் கேமராவைத் தொடாமல் நொடி எண்ணுங்கள். பஃபிள்ஹெட் பொதுவாக 12-15 நொடியில் எழும், கோல்டன்ஐ 20-30, நீளவால் இன்னும் அதிகம். அந்த இடத்தின் ஆழம் மாறாததால் எண்ணும் அதிகம் மாறாது. இரண்டு நொடி முன்னாலேயே கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுத்து, லென்ஸுக்கு மேலாக வெறும் கண்ணால் பாருங்கள். பாறை வரிசை போகும் திசையிலேயே சில மீட்டரில் எழும். ஆட்டோஃபோகஸ் பின்னணிக்கு ஓடாமலிருக்க, பொருள் மறைந்தாலும் காத்திருக்கும்படி அதன் நிதானத்தைக் கூட்டி வையுங்கள். எழுந்த முதல் நொடியில்தான் தலையில் நீர்மணிகள் நிற்கும், அடுத்த நொடி உதறிவிடும்.

நீங்கள் நகர வேண்டியிருந்தாலும் வாத்து மூழ்கியிருக்கும் அந்த நொடிகள்தான் உங்களுக்கு உண்டு. ஆனால் கூட்டம் முழுவதும் ஒன்றாக மூழ்குவது அபூர்வம், ஒன்றிரண்டு மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் கீழே போனதை உறுதி செய்த பிறகே முழங்கையை எடுங்கள்.

இறக்கை விரிப்பும் திடீரென்று வருவதில்லை. நீண்ட கோதல், தலையை இரண்டு மூன்று முறை தண்ணீரில் முக்கி முதுகில் தண்ணீர் விடல், அதன் பின் மார்பு உயரும். அங்கே ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையக் கூடாது. மிதப்பதற்கு 1/1000 போதும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் நல்லது, ஆனால் சென்சார் மெதுவாகப் படிக்கும் கேமராவில் விரிந்த இறக்கை கோணலாகும். அப்படியானால் மெக்கானிக்கல் ஷட்டரில் முதலில் ஒற்றை ஒற்றையாக எடுத்து வாத்தைச் சத்தத்துக்குப் பழக்குங்கள்.

வெளிச்ச அளவு: மேனுவலில் வையுங்கள். கருந்தலையும் வெண்மார்பும் மாறி மாறி வரும் பறவையில் ஆட்டோ ஏமாறும். சூரியன் எழுந்து ஒரு மணி கழித்து, தெளிந்த வானத்தில், எஃப் 8, 1/2000, ஐஎஸ்ஓ 640-800 என்று தொடங்கி, வெள்ளை இறகின் நெளிவு தெரியும் வரை குறையுங்கள். தலையைத் தூக்குவதற்காக வெள்ளையை எரிக்காதீர்கள், ரோ கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) கறுப்பு மீளும், எரிந்த வெள்ளை மீளாது. பஃபிள்ஹெட் ஆணின் தலை உண்மையில் ஊதாவும் பச்சையும் மின்னும் தலை. உங்கள் தோளுக்கு மேலாக வெயில் விழ, வாத்து தலையைச் சற்று உங்கள் பக்கம் திருப்பும்போது மட்டும் அந்த நிறம் தெரியும். கண்ணும் கறுப்பு என்பதால் வெயிலின் புள்ளி அதில் விழாவிட்டால் கண் இல்லாத பறவைதான். மேகமூட்டத்தில் அந்த மினுக்கத்தை எதிர்பார்க்காதீர்கள், அன்று நீளவாலின் வெண்மைக்கும் சாம்பலுக்கும் அருமையான நாள்.

பிப்ரவரி, மார்ச்சில் கோல்டன்ஐ ஆண் தலையைப் பின்னால் மடித்து முதுகில் வைத்து, அலகை வானம் பார்க்கத் தூக்கி, காலால் தண்ணீரை உதைக்கும். பெண் ஒன்று நடுவே, சுற்றி மூன்று நான்கு ஆண்கள் என்றால் தொடர்ந்து நடக்கும். ஜூமை 400க்கு இழுத்து இடம் விட்டு எடுங்கள், இல்லாவிட்டால் உதைக்கும் தண்ணீர் சட்டத்துக்கு வெளியே போய்விடும்.

பதில்: பாறையடி

ஒன்று மறந்து போனது, வெளியேறுவது. நல்ல படம் கிடைத்த சந்தோசத்தில் எழும்பி நிற்காதீர்கள். 12 மீற்றரில் திடீரென்று ஆள் முளைத்தால் கூட்டம் முழுவதும் ஓடி எழும்பும். குளிர்காலத்தில் அந்த ஓட்டத்துக்குச் செலவான சூட்டை அது மீண்டும் முழுகி முழுகித்தான் சேர்க்க வேணும். அந்த இடத்தையும் சில நாளைக்குத் தவிர்க்கும். கூட்டம் மேய்ந்து முனையைத் தாண்டும் வரை பொறுத்து, துணியோடு ஊர்ந்து பின்வாங்குங்கள்.

இருக்கும் போதும் ஒரு கண் கூட்டத்தில் இருக்கட்டும். கழுத்தை நீட்டி எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால், மூழ்குவதை நிறுத்தினால், சேர்ந்து வெளிப்பக்கம் நீந்தத் தொடங்கினால், நீங்கள் தெரிந்துவிட்டீர்கள். லென்ஸை விட்டுக் கையை எடுத்து அசையாமல் இருங்கள். முதல் வாத்து மூழ்கியதும் மீண்டும் படம் எடுக்கத் தொடங்கலாம். பத்து நிமிடத்திலும் மூழ்கவில்லையென்றால் அன்று அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

வடகரை

வடிவா விளங்குது. கடைசியா ஒண்டு: வீட்ட வந்தவுடன லென்ஸ் முழுக்க வேர்க்குது. துணியால துடைக்கலாமோ?

பதில்: கடைசி ஏரி

துடைக்காதீர்கள், வெளியே துடைத்தாலும் உள்ளே படிந்திருக்கும். காரில் ஏறுவதற்கு முன்பே கமராவையும் லென்ஸையும் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடுங்கள், அல்லது காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். மெமரி கார்டையும் பற்றரியையும் மட்டும் அங்கேயே கழற்றிச் சட்டைப் பைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் படம் பார்க்கும் ஆசையில் பையைத் திறந்துவிடுவீர்கள். வீட்டில் மூன்று மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். நனைந்த உருமறைப்புத் துணியை அன்றே விரித்துக் காயப் போடுங்கள், சுருட்டி வைத்தால் அடுத்த முறை உறைந்து மொரமொரவென்று சத்தம் போடும்.